மூன்றாவது வரி

உர்ரண்ணனுக்கு மூளையில் ரத்தம் அடைத்து வலது கையும் காலும் விழுந்துபோனபோது பேச்சும் கூடவே போயிற்று. முழுசாகப் போயிருந்தாலும் தேவலை. ஒரே ஒரு சொல்லை மட்டும் வாயில் விட்டுவிட்டுப் போயிற்று. "நிறுத்து."

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் டாக்டர் முகத்துக்கு நேரே குனிந்து, "உங்க பேரச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார். பெயர் உள்ளே பத்திரமாகத்தான் இருந்தது. சொல்ல வாயைத் திறந்தார். "நிறுத்து" என்றது வாய். எங்கேயோ வலிக்கிறதாக்கும் என்று டாக்டர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அட, அது இல்லை ஐயா என்று சொல்லப் போனார். "நிறுத்து, நிறுத்து!" நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். நாக்கு ஒட்டிப்போய்க் கிடந்த மனுசன் ஆசையாகத் தலையைத் தூக்கி "நிறுத்து" என்றார். தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"அவருக்கு எல்லாம் புரியுது" என்று டாக்டர் அவர் மனைவியிடம் விளக்கினார். "சொல்ல நினைக்கிறதும் உள்ள இருக்கு. அதை வார்த்தையாக்கி வெளிய அனுப்புற இடத்துலதான் அடி. ரொம்பப் பழகின சொல் ஏதாவது ஒண்ணு மட்டும் தானா வந்து விழும். சிலருக்குக் கெட்ட வார்த்தை வரும், சிலருக்குப் பிள்ளை பேர் வரும். இவருக்கு இது. அவர் நினைச்சுச் சொல்றார்னு எடுத்துக்காதீங்க."

பட்டறையிலிருந்து பார்க்க வந்திருந்த வெல்டர் பக்கத்திலேயே நின்றான். "அண்ணன் வேலை செய்யற இடத்துல அதிகமாப் பேசுனதே அந்த வார்த்தைதான் டாக்டர். ரேடியோ வெச்சா நிறுத்து, சிரிச்சா நிறுத்து, இருமினாலும் நிறுத்து. எங்களுக்கு ஒண்ணும் வித்தியாசமே தெரியல, அண்ணன் நல்லாத்தான் இருக்கார்."

டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். மனைவி சிரிக்கவில்லை. கட்டில் கால்மாட்டில் நின்று ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள். அந்தச் சொல் எந்த மண்ணில் முளைத்தது என்று அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். படுத்துக் கிடந்தவருக்கும் தெரியும். ஆனால் அவர் வாயைத் திறந்தால்தான் அதுவே வருகிறதே.

உர்ரண்ணன் என்பது பட்டறையில் வைத்த பெயர். எந்நேரமும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருப்பார். லேத்து மெஷினில் வேலை. இரும்புத் துண்டை மெஷினின் வாயில் இறுக்கிச் சுழலவிட்டு, கூர்க்கருவியை அதன்மேல் மெல்லக் கொடுத்தால், சுருள் சுருளாக இரும்பு சீவிக்கொண்டு விழும். அதில் பார்வையைவிடக் காதுதான் வேலை செய்யும். கருவி மழுங்கினால் சத்தம் ஒரு பிசிறு பிசிறும். இரும்புக்குள் ஓட்டை இருந்தால் சத்தம் பொக்கென்று போகும். அதனால் யாரும் பக்கத்தில் பேசக்கூடாது, பாடக்கூடாது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் அந்த இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூடப் பல்லைக் கடிப்பார்.

அவர் மனைவிக்கு நல்ல குரல். கல்யாணமாகி வந்த புதிதில் பாத்திரம் துலக்கும்போது பாடுவாள், துணி பிழியும்போது பாடுவாள். தெரிந்த பாட்டு தீர்ந்துபோனால் தானே ஏதாவது கோத்துப் பாடுவாள். அவர் ஒன்றும் சொன்னதில்லை. நல்லது என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

ஒரு விடுமுறை நாளில் பழைய இரும்பு அலமாரி ஒன்று வாங்கினார்கள். மாடிப்படி ஒடுக்கம் என்பதால் பட்டறை ஆட்கள் தூக்கிக் கொடுக்க வந்திருந்தார்கள். பாதிப் படியில் மேஸ்திரி சட்டென்று நின்றுவிட்டார். அலமாரியை அந்தரத்தில் பிடித்தபடியே, "யாருய்யா அது? ரேடியோவா?" என்றார். அடுக்களையில் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டம்மாவா? அடப்பாவி! இந்த மூஞ்சிக்கு இப்படி ஒரு குரல் வாய்ச்சிருக்கா!"

அலமாரியை வைத்துவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்துகொண்டு அவளைப் பாடச் சொன்னார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கதவோரமாக நின்று, வெட்கப்பட்டுக்கொண்டே பாடினாள். உர்ரண்ணன் பாட்டைக் கேட்கவில்லை. ஆட்களின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி வாயைப் பிளந்துகொண்டிருந்தார். அந்த மேஸ்திரி அவர் கடைந்து கொடுத்த எந்தச் சாமானையும் அப்படிப் பார்த்ததில்லை. தலைமுடி கனம்கூடப் பிசகாமல் கடைந்து வைத்தாலும் "ம், வெச்சுட்டுப் போ" என்பதுதான் பேச்சு. இவள் கதவோரம் நின்று வாயைத் திறந்ததற்கு இந்தப் பார்வையா? வயிறு எரிந்தது. உள்ளதைச் சொன்னால் அது வயிற்றெரிச்சல்தான், வேறு பெயர் கிடையாது.

"போதும் நிறுத்து" என்றார். "எண்ணெய் விடாத மெஷின் மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்து, அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, வேறென்ன செய்வார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு மகள் பிறந்தாள். அவருக்கு அப்போது ராத்திரி ஷிப்ட். பகலில் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். சுவருக்கு அந்தப்பக்கம் அவள் பிள்ளையை மடியில் போட்டு, தானே கோத்த பாட்டு ஒன்றை வாய்க்குள் முனகுவாள். அவர் பாதித் தூக்கத்தில் இருந்தாலும் விழித்திருந்தாலும் சுவரில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். "நிறுத்து!" பாட்டு நிற்கும். பிள்ளை அழும். அழுகையை அவர் ஒன்றும் சொல்லமாட்டார், பாட்டைத்தான் சொல்வார். எத்தனை நாள் தட்டினார் என்று கணக்கில்லை. ஒருநாள் தட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. வீடு அமைதியாயிற்று. நிம்மதியாக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். மகள் வளர்ந்து, படித்து, வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போகும்வரை அந்த வீட்டில் யாரும் பாடவில்லை.

ஆஸ்பத்திரியில் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கும் கூடத்தின் கோடியில் ஒரு சின்ன அறை இருந்தது. ஒரு கீபோர்டு, இரண்டு கைமேளம், சுவரோரம் சாய்த்து வைத்த கிட்டார். அங்கே வேலை பார்த்த பெண்ணை வார்டில் எல்லோரும் பாட்டு டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் கோபம்.

"நான் பாட்டு சொல்லிக் கொடுக்கறவ இல்ல. பாட்டை வெச்சு வைத்தியம் பார்க்கறவ. சும்மா பாட்டைப் போட்டுவிட்டா போதும்னா வார்டுக்கு ஒரு ரேடியோவ வாங்கி வெச்சுட்டு என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்களே."

அவள் என்னதான் செய்கிறாள் என்பதை உர்ரண்ணன் சக்கர நாற்காலியில் முறைக்காகக் காத்திருக்கும்போது பார்த்தார். நடுக்க வியாதிக்காரர் ஒருவர் வருவார், பெயிண்டர். வாசல்படி வந்தால் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும், எவ்வளவு உந்தினாலும் நகராது. பாட்டு டீச்சர் மேளத்தை நிதானமாகத் தட்டுவாள். அந்தத் தட்டுக்குள் காலை வைத்து பெயிண்டர் படியைத் தாண்டிவிடுவார். "கால் எம் பேச்சக் கேக்கல, மேளத்தோட பேச்சக் கேக்குது பாருங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைப்பார். குறைமாசத்தில் பிறந்த குழந்தைகள் வார்டுக்கும் அவள் போவாளாம். குழந்தை மூச்சு விடும் வேகத்தைப் பார்த்து அதற்குச் சரியாக மெல்ல முனகச் சொல்லித் தாய்மார்களுக்குக் காட்டிக்கொடுப்பாளாம். படபடப்பு அடங்கி அவை பால் குடிக்கப் பழகும் என்று நர்ஸ் சொன்னாள். அதைக் கேட்டபோது உர்ரண்ணன் மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

அவர் முறை வந்தது. பாட்டு டீச்சர் நாற்காலியை அவருக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பேசறதுக்கு மூளையில இடது பக்கம்தான் முக்கியம்யா. உங்களுக்கு அங்கதான் அடி. பாடறதுக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்து உழைக்கும். நேர் ரோட்டுல பாலம் இடிஞ்சா ஊரைச் சுத்திக்கிட்டு வர்றோம் இல்லையா, அது மாதிரி பாட்டு வழியா வார்த்தையைச் சுத்திக் கூட்டிட்டு வரப் பார்க்கலாம். எல்லாருக்கும் வரும்னு நான் சொல்லமாட்டேன். சிலருக்கு நல்லா வருது. ஏம்மா, அவருக்கு மனப்பாடமா ஒரு பாட்டு தெரிஞ்சா அதுல இருந்து ஆரம்பிக்கலாம். என்ன பாட்டும்மா அவருக்குப் பிடிக்கும்?"

"அவருக்குப் பாட்டே பிடிக்காது டீச்சர்" என்றாள் மனைவி.

"பிடிக்காட்டியும் பரவாயில்ல. காதுல அடிக்கடி விழுந்தது ஏதாவது?"

"விழாமப் பார்த்துக்கிட்டார்."

பாட்டு டீச்சர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டாக ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்தாள். உர்ரண்ணனின் இடது கையைத் தன் கையில் பிடித்து, அசைக்கு ஒரு தட்டாக மேசையில் தட்டவைத்தாள். வார்த்தை வரவில்லை. "நிறுத்து" மட்டும் இடையிடையே வந்தது. சரி, இன்றைக்குப் போதும் என்று அவள் கையை விட்டாள். அந்த இடது கை மட்டும் விடவில்லை. தானாகத் தட்டிக்கொண்டே இருந்தது. தட்டத் தட்ட, அவர் தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் கிளம்பிற்று. முனகல் மெட்டாயிற்று. மெட்டுக்குள் வார்த்தை வந்து உட்கார்ந்தது.

"மூடு மூடு கண்ணை மூடு
மொட்டை வெயில் சாயட்டும்
அப்பா தூக்கம் கலையாம..."

அங்கே நின்றது. தட்டுவதும் நின்றது. பாட்டு டீச்சர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டாள். "ஐயா! எவ்வளவு சுத்தமா வருது பாருங்க! மறுபடியும் பாடுங்க!" மறுபடியும் பாடினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார். அவருக்கே நம்ப முடியவில்லை. தன் குரலில் 'நிறுத்து' அல்லாத ஒன்றைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! கண்ணில் நீர் முட்டியது.

"யார் பாட்டும்மா இது? நான் கேட்டதே இல்லையே. அடுத்த வரி என்ன?"

மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அடுத்த வரி அவர் கேட்டதில்ல" என்றாள்.

பிறகு டீச்சரை விட்டுவிட்டு நேரே கணவனிடம் பேசினாள். சத்தம் போடவில்லை. விலை விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள்.

"சத்தத்துல தூக்கம் கெடுதுன்னு தட்டறீங்கன்னுதான் இத்தனை வருசமா நினைச்சிட்டிருந்தேன். பட்டறைக் காது, அதுக்குப் பாட்டும் இரைச்சலும் ஒண்ணுதான், பாவம்னு நினைச்சேன். வார்த்தை விடாமக் கேட்டிருக்கீங்க. கேட்டுட்டுத்தான் தட்டினீங்களா?"

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆமாம், கேட்டேன். விழித்துக்கொண்டுதான் கிடந்தேன். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததுதான் பொறுக்கவில்லை. அத்தனையும் முட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தது.

"நிறுத்து" என்றார்.

"சரி" என்றாள் அவள்.

வீட்டுக்கு அனுப்பும்போது பாட்டு டீச்சர் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பினாள். அந்த மெட்டை விடக்கூடாது. அதே மெட்டில் 'தண்ணி வேணும்', 'கால் வலிக்குது', 'ஜன்னல் திற' என்று தினம் வேண்டிய பேச்சை ஏற்றிப் பாடவேண்டும். முதலில் கூட ஒருவர் சேர்ந்து பாடவேண்டும், பிறகு பாதியில் விட்டுவிட்டு அவரைத் தொடரவைக்க வேண்டும், அப்புறம் அவரே தனியாக. போனில் பதிவு செய்து போட்டால் ஆகாதா என்று மனைவி கேட்டாள். ஆகாது என்றாள் டீச்சர். அவர் திணறும் இடத்தில் பாட்டும் திணறி நிற்கவேண்டும், வாயசைவை அவர் பார்க்கவேண்டும், கை கையைப் பிடித்துத் தட்டவேண்டும். இயந்திரம் யாருக்காகவும் காத்திருக்காது. "நீங்கதான்மா பாடணும். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நான் வாரத்துக்கு ஒருநாள் பார்க்கறதுல ஒண்ணும் ஆகாது. வீட்டுல நடக்கறதுதான் வைத்தியம்."

மனைவி மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

முன்னறையில் கட்டில் போட்டிருந்தது. அவர் பகலில் தூங்கிய அதே இடம், அதே சுவர். வீடு வந்துசேர்ந்து இரண்டு நாள் அவள் பாட்டுப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் இடது கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். துருப்பிடித்த கதவைத் திறக்கிறமாதிரி முதலில் காற்றுதான் வந்தது. வெட்கமா, பயமா, அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மூடு மூடு கண்ணை மூடு..."

குரல் தேய்ந்திருந்தது. மேல்கட்டைக்குப் போகவில்லை. ஆனால் அதே குரல்தான். உர்ரண்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது. சுவர் இல்லாமல் அந்தப் பாட்டை இப்போதுதான் கேட்கிறார்.

"மொட்டை வெயில் சாயட்டும்..."

அவரும் சேர்ந்துகொண்டார். இரண்டு குரலும் சேர்ந்து போயின. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அலமாரி தூக்கிய நாளுக்குப் பிறகு அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"அப்பா தூக்கம் கலையாம..."

இதோ, அடுத்தது அவர் கேட்டே இராத வரி. அவளுக்கு மூச்சு ஏறி இறங்குகிறது, உதடு பிரிகிறது. பாடு, பாடு, நிற்காதே என்று அவர் உடம்பெல்லாம் சொல்லிற்று. அவசரத்தில் தட்டுவதை மறந்தார். மெட்டை மறந்தார். சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்துவிட்டார்.

"நிறுத்து!"

அவள் உதடு மூடிக்கொண்டது.

இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். "நிறுத்து! நிறுத்து!" எவ்வளவுக்கு எவ்வளவு மறுத்தாரோ அவ்வளவுக்கு அவ்வளவு அந்தச் சொல்லே கொட்டிற்று. கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். அந்தச் சத்தமும் பழைய சுவர்த் தட்டுப் போலவே கேட்டது. அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் புடவையிலிருந்து விடுவித்து, கையைப் போர்வைமேல் வைத்தாள்.

"நிறுத்திட்டேங்க" என்றாள். ஸ்டூலை எடுத்து இருந்த இடத்தில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளே டீச்சரிடம் சொன்னாள். "மத்தது எல்லாம் செய்யறேன். நேரத்துக்குக் கூட்டிட்டு வர்றேன். கையைப் பிடிச்சுத் தட்டச் சொன்னா தட்டறேன். பாட மட்டும் சொல்லாதீங்க."

பாட்டு டீச்சர் பதறிப்போனாள். "அம்மா, அது அவர் சொல்றது இல்லம்மா. டாக்டர் சொல்லியிருப்பாரே. அந்த வார்த்தை தானா வருது, அதுல அர்த்தமே கிடையாது."

"தெரியும் டீச்சர். இப்ப அவர் நினைச்சுச் சொல்லல. அப்ப நினைச்சுத்தான் சொன்னார். வாய் ஒண்ணுதானே."

டீச்சர் கையிலிருந்த மேளத்தைக் கீழே வைத்தாள். படித்த படிப்பில் அதற்கு என்ன எழுதியிருந்ததோ. கடைசியில், "உங்களை வற்புறுத்த மாட்டேன்மா. நோயாளி அவர் மட்டும்னு நினைச்சுட்டேன், என் தப்புதான்" என்றாள். "உங்களுக்கு எப்ப வேணும்னாலும் தனியா வாங்க. பாட வேண்டாம், சும்மா உட்கார்ந்திருக்கலாம்."

"எனக்கென்ன வியாதி? நான் நல்லாத்தானே பேசறேன்" என்றாள் மனைவி.

மகளிடம் போனில் டீச்சரே பேசினாள். அம்மாவால் முடியவில்லை, நீங்களாவது விடுமுறைக்கு வரும்போது அப்பாவோடு சேர்ந்து பாடமுடியுமா என்று கேட்டாள். மகள் சிரித்தாள். "எனக்கு ராகமும் வராது தாளமும் வராது மேடம். எங்க வீட்டுல யாருமே பாடமாட்டாங்களே."

"இந்தப் பாட்டே உங்கம்மா உங்களுக்காகக் கட்டின பாட்டுதானாம்."

"எங்கம்மா பாடுவாங்களா?" என்று கேட்டாள் மகள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உர்ரண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

பிறகு வாரத்துக்கு ஒருநாள் டீச்சரோடு பாடுவதும், மற்ற நாட்களில் தனியாகக் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டு திணறுவதுமாக வைத்தியம் நத்தையாய் நகர்ந்தது. கூடப் பாட ஆளிருந்தால் இதற்குள் எங்கேயோ போயிருப்பார் என்று டீச்சர் மனதில் நினைத்திருப்பாள், வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் வந்தது. 'தண்ணி வேணும்' வந்தது. 'ஜன்னல் திற' வந்தது. அடுத்து எந்த வார்த்தை வேண்டும் என்று டீச்சர் படங்களை விரித்துக் காட்டினாள். டீ, மருந்து, சட்டை, செருப்பு. அவர் எல்லாவற்றையும் இடது கையால் ஒதுக்கித் தள்ளினார். வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருந்த மனைவியைக் காட்டினார். பிறகு தன் வாயைக் காட்டினார். மறுபடியும் அவளைக் காட்டினார். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் கையைப் பிடித்து, அந்த மெட்டின் முதல் அடியில் இரண்டே இரண்டு சொல்லை ஏற்றினாள். "நீ... பாடு."

சின்னச் சொல்தானே என்று நினைக்கவேண்டாம். அது வர எத்தனையோ வாரம் ஆயிற்று. 'நீ' வந்தால் அடுத்தது 'நிறுத்து' என்று சறுக்கும். பட்டறையில் மழுங்கின கருவியைச் சாணை பிடிக்கிறமாதிரி அந்தச் சறுக்கலைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். மனைவி கடைக்குப் போன நேரத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டார். உர்ரென்றிருந்த முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட எதிர்ச்சுவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். ஒருபக்கம் கோணிப்போன முகத்தில் அதெல்லாம் எடுபடவில்லை.

ஒரு காலை வேளை. அவள் அவருக்கு முகம் வழித்துவிட்டு, சோப்பு நுரையைத் துண்டால் ஒற்றி எடுத்தாள். அந்த வேலையில் ஒரு குறை சொல்லமுடியாது. ஒருநாளும் கன்னத்தில் கீறல் பட்டதில்லை, ஒருநாளும் படுக்கை ஈரமாகக் கிடந்ததில்லை. டவலைப் பிழிந்துவிட்டு உருளைக்கிழங்கையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்தாள். இதுதான் சமயம் என்று உர்ரண்ணன் கட்டில் சட்டத்தில் கையை வைத்தார். அவசரப்படவில்லை. தட்டினார். மூச்சை இழுத்துக்கொண்டார்.

"நீ... பா...டு."

சுத்தமாக வந்தது. ஒரு பிசிறு இல்லை. கத்தி நின்றது. இன்னொரு முறையும் பாடினார், இன்னும் மெல்ல. "நீ... பா...டு."

அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். கோபம் இருந்தால் தெரிந்திருக்கும், அழுகை இருந்தால் தெரிந்திருக்கும். ஒன்றுமில்லை.

"நீங்களே பாடுங்க" என்றாள். "இப்ப உங்களுக்குத்தான் நல்லா வருதே."

கத்தி மறுபடியும் ஓடிற்று. தோல் சுருள் சுருளாகக் கிண்ணத்தில் விழுந்தது.

அவரும் பாடினார். வேறு வழி? இன்றைக்கும் பாடிக்கொண்டுதான் இருக்கிறார். தாகம் எடுத்தால் பாட்டு, கால் வலித்தால் பாட்டு, கக்கூசுக்குப் போகவேண்டுமென்றாலும் பாட்டு, அதுவும் அவள் பிள்ளைக்குக் கட்டிய மெட்டிலேயே. மெட்டு போகப்போக உதிர்ந்து பேச்சாக மாறும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். சிலருக்கு மாறுமாம். இவருக்கு 'தண்ணி' மட்டும் பாதிப் பேச்சாகியிருக்கிறது. ஒன்றும் வேண்டாத நேரத்தில் சும்மாவும் அந்தப் பாட்டைப் பாடுவார். மூன்றாவது வரி வரை போவார். நின்று, அடுக்களைப் பக்கம் காதைக் கொடுப்பார். குழாய் ஓடும். அடுப்பில் ஏதாவது கொதிக்கும்.

போன வாரம் கீழ்வீட்டுத் தையல்காரம்மா மேலே வந்தாள். ஒற்றைக் கையால் இழுத்துவிட்டுக்கொள்ளத் தோதாக அவருடைய கால்சட்டைகளுக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"முன்னயெல்லாம் மேல ஆள் இருக்காங்களா இல்லையான்னே தெரியாதுக்கா. இப்ப ஓயாம பாட்டுச் சத்தமா இருக்கு, வீடு கலகலன்னு!"

"ஆமா" என்றாள் மனைவி. "அவருக்குப் பாட்டுன்னா உயிர்."

"அந்த ஒரு மெட்டு இருக்கே, எம் மகன்கூட அதையே முனகிட்டுத் திரியறான். ஆனா ஏன்க்கா கடைசியில அப்படியே தொங்கலா நிக்குது? மேல ஒரு வரி இருக்கணுமே?"

கட்டிலில் உர்ரண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல" என்றாள் மனைவி. "அவ்வளவுதான் பாட்டு."

இருக்கிறது, இருக்கிறது, அவளுக்குத் தெரியும், சொல்லச் சொல்! அவருக்குத் தட்ட நேரமில்லை, பாட நேரமில்லை. வாயைத் திறந்துவிட்டார்.

"நிறுத்து!"

தையல்காரம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். மனைவி திரும்பவில்லை. கால்சட்டையின் இடுப்பை இரண்டு கையாலும் இழுத்து, எலாஸ்டிக் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தியாச்சுங்க" என்றாள். "அப்பவே நிறுத்தியாச்சு."